மிச்சிகன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பிப்பவருக்கு: பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கோ, ஆன் ஆர்பரில் படிக்கவோ வந்து இறங்கும் நம் ஆட்கள் முதல் செப்டம்பரிலேயே ஒன்றைக் கவனித்துவிடுவார்கள். சனிக்கிழமை காலை பால் வாங்கப் போனால் கடையில் பாதிப் பேர் மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் சோள மஞ்சளும் கருநீலமும் போட்டிருப்பார்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் கடையில் ஈ ஓட்டுவார்கள். திங்கட்கிழமை ஆபீசில் எல்லோரும் ஒரே விஷயத்தைப் பேசுவார்கள், நாம் மட்டும் சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்போம்.

நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் தலையாட்டினேன். அப்புறம் விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். அதுதான் தப்பு. பழைய சீசன்கள் தெரியாவிட்டால், கல்லூரி ஃபுட்பாலில் விதி தெரிந்தும் பிரயோஜனம் இல்லை. பக்கத்தில் இருப்பவர் எதற்காகத் தலையில் கை வைக்கிறார் என்பது புரியவே புரியாது. அவர் கண் முன்னால் ஓடிக்கொண்டிருப்பது இன்றைய ஆட்டம் மட்டும் அல்ல. எனவே நான் சொல்லும் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும்.

முதலில் விதி, ஆனால் ஒரு டம்ளர் அளவுக்கு

இந்த ஃபுட்பாலில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். களம் 100 யார்டு, அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1, உதைக்காமல் இன்னொரு முறை கோட்டைத் தாண்டினால் 2. டச் டவுன் வராது என்று தோன்றும்போது தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது ஃபீல்ட் கோல், 3. அதுவும் முடியாத தூரம் என்றால் நான்காவது டவுனில் பந்தை ஓங்கி உதைத்து எதிரணிக்கே கொடுத்துவிடுவார்கள். அது பன்ட்.

போதும். மீதியெல்லாம் பார்க்கப் பார்க்க வரும். ஆட்ட நேரம் 60 நிமிஷம் என்பார்கள், மூன்றரை மணி நேரம் ஆகும். டெஸ்ட் மேட்ச் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

பன்ட்டைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2015 அக்டோபர் 17, ஆன் ஆர்பர். பக்கத்து ஊர்ப் பங்காளியான மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆட்டம். மிச்சிகன் 23-21 என்று முன்னால் இருக்கிறது, கடிகாரத்தில் 10 விநாடி பாக்கி. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பந்தை வாங்கி உதைக்க வேண்டும். உதைக்க வேண்டிய பிளேக் ஓ'நீலுக்குப் பந்து தாழ்வாக வந்தது, கையில் நிற்காமல் நழுவியது. அவர் குனிந்து எடுத்து எப்படியாவது உதைத்துவிடலாம் என்று திரும்பும்போது ஆட்கள் மேலே விழ, பந்து எகிறி மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கையில் போய் உட்கார்ந்தது. அவர் 38 யார்டு ஓடி டச் டவுன் அடித்தபோது நேரம் முடிந்துவிட்டது. 27-23. ஓடிய பையனுக்குக் கடைசியில் இடுப்பு மூட்டே விலகிப்போய், கொண்டாட முடியாமல் தரையில் கிடந்தார். இன்றைக்கும் மிச்சிகன் பன்ட் உதைக்கத் தயாராகும்போது அரங்கத்தில் ஒரு நொடி மூச்சு நிற்கும். விதிப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்காது.

அடுத்து, காலண்டரில் வட்டம் போடுங்கள்

சீசன் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பிக்கும். நவம்பர் கடைசி வரை 12 ஆட்டங்கள், கிட்டத்தட்ட எல்லாமே சனிக்கிழமை. அதில் ஒன்பது, பிக் டென் என்ற கூட்டமைப்புக்குள் இருக்கும் அணிகளோடு. பெயர்தான் டென், 2024 முதல் அதில் 18 அணிகள். ஏன் பெயரை மாற்றவில்லை என்று கேட்காதீர்கள். நம் ஊரில் ஆறு வாசல் இருந்தாலும் மூணு வாசல் கோயில் என்றே சொல்வது போலத்தான்.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு: ஆன் ஆர்பரில் பகல் 12 மணி ஆட்டம் என்றால் நமக்கு இரவு 9:30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதற்குப் பிறகு 10:30. மாலை ஆட்டங்கள் நமக்கு விடிகாலையில் வரும். அதைப் பாலோடு சேர்த்துக் காய்ச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

வட்டம் போட வேண்டிய நாள் ஒன்றுதான். நவம்பர் கடைசியில், நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, ஒஹையோ ஸ்டேட்டோடு ஆட்டம். 1897-இல் முதல்முறை மோதினார்கள். இந்த ஆட்டத்துக்குப் பெயர் கிடையாது, 'அந்த ஆட்டம்' என்றாலே போதும். ஒஹையோக்காரர்கள் மிச்சிகன் என்ற பெயரை வாயால் சொல்வதில்லை, "அந்த வடக்கத்தி டீம்" என்பார்கள். ஆட்ட வாரத்தில் அவர்கள் கல்லூரி வளாகத்துப் பலகைகளில் இருக்கும் 'எம்' எழுத்தின் மேலெல்லாம் சிவப்புப் பட்டை ஒட்டி அடித்துவிடுவார்கள். 11 ஆட்டம் ஜெயித்து இதில் தோற்றால் அந்த வருஷம் வீண் என்று நினைப்பவர்கள் இரண்டு பக்கமும் உண்டு.

12 ஆட்டம் முடிந்த பிறகு நல்ல அணிகளுக்கு பவுல் ஆட்டம், மிக நல்ல அணிகளுக்கு பிளே-ஆஃப். பிளே-ஆஃப் 2014-இல் நான்கு அணிகளோடு ஆரம்பித்து, 2024-இல் 12 ஆனது. அதற்குள் நுழைவது யார் என்பதை ஒரு தேர்வுக் குழு தீர்மானிக்கிறது. நவம்பரில் செவ்வாய்க்கிழமைதோறும் அவர்கள் தரவரிசை வரும். இதைத் தவிர, பத்திரிகையாளர்கள் போடும் ஏபி தரவரிசை 1936 முதல் இருக்கிறது. பழைய சீசன்களைப் படிக்கும்போது நமக்குத் தேவைப்படுவது இந்த ஏபிதான்.

இப்போது ஒரு சீசனைப் பிரித்துப் படிப்போம்

புதிதாக வருபவர் முதலில் உட்கார்ந்து படிக்க வேண்டிய சீசன் 2023. அட்டவணையை எடுத்தால் மேலே 15-0 என்று இருக்கும். ஜெயித்தது 15, தோற்றது சுழி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 9-0 என்றால் அது பிக் டென்னுக்குள் மட்டும். பலர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுவார்கள். கீழே இறங்கி வரி வரியாகப் பாருங்கள்.

முதல் மூன்று ஆட்டம்: 30-3, 35-7, 31-6. எதிரிகள் ஈஸ்ட் கரோலினா, யுஎன்எல்வி, பௌலிங் கிரீன். இது வார்ம்-அப், இதில் ஜெயித்தால் யாரும் கைதட்டப் போவதில்லை. அக்டோபரில் மினசோட்டாவை 52-10, இண்டியானாவை 52-7, மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 49-0. சரி, பெரிய அணிதான் போலிருக்கிறது என்று தோன்றும். அப்புறம் நவம்பரில் பாருங்கள், எண்கள் திடீரென்று சுருங்கும்: 24-15, 31-24, 30-24. சீசனின் உயிர் அந்த மூன்று வரிகளில் இருக்கிறது.

24-15, பென் ஸ்டேட். அதற்கு முந்தின நாள்தான் தலைமைக் கோச் ஜிம் ஹார்பாவை பிக் டென் மூன்று ஆட்டத்துக்கு நிறுத்தி வைத்தது. எதிரணிகளின் கை சைகைகளை ஆள் அனுப்பிப் படமெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு. அணி விமானத்தில் போய்க்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. உதவிக் கோச் ஷெரோன் மூர் பொறுப்பேற்றார். அன்றைக்கு இரண்டாம் பாதியில் மிச்சிகன் பந்தை எறியவே இல்லை என்று சொல்லிவிடலாம். கணக்கில் ஏறிய கடைசி 32 முயற்சிகளும் பந்தோடு ஓடியதுதான். எதிரிக்கும் தெரியும் ஓடப்போகிறார்கள் என்று, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. முடிந்ததும் டிவி மைக் முன்னால் மூர் தேம்பித் தேம்பி அழுதார்.

31-24, மேரிலாண்ட். மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண அணியிடம் தட்டுத் தடுமாறிய ஆட்டம். ஆனால் அது மிச்சிகனின் 1,000-ஆவது வெற்றி. கல்லூரி ஃபுட்பாலில் அந்த எண்ணை முதலில் தொட்டது இவர்கள்தான்.

30-24, ஒஹையோ ஸ்டேட். கடைசி நிமிஷத்தில் ஒஹையோ முன்னேறி வந்துகொண்டிருந்தபோது ராட் மூர் பந்தைப் பறித்தார், அதோடு முடிந்தது.

பிறகு ரோஸ் பவுலில் அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 27-20. அந்த ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் மிச்சிகனின் ஜேக் தா தன் சொந்தக் கோட்டருகே பந்தை நழுவவிட்டு, விழுந்தடித்து எடுத்த காட்சியை எப்படியும் பாருங்கள். 2015 நினைவு வந்து எத்தனை பேருக்கு நெஞ்சு அடைத்திருக்கும் என்று உங்களுக்கே புரியும். 2024 ஜனவரி 8, ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 ஜெயித்துப் பட்டம். சைகைத் திருட்டு விவகாரத்துக்குப் பின்னால் அபராதம் வந்தது, பட்டம் பறிபோகவில்லை. ஒஹையோக்காரரிடம் பேசும்போது இந்த வரியை மெதுவாகச் சொல்லுங்கள்.

எந்த சீசனையும் இப்படியே படியுங்கள்: மேலே இருக்கும் எண், எதிரி யார், வித்தியாசம் சுருங்கிய ஆட்டம் எது, அந்த வாரம் வெளியே என்ன நடந்தது.

அங்கிருந்து பின்னால் நடங்கள்

1879-இலிருந்து வரிசையாகப் படிக்கிறேன் என்று உட்காராதீர்கள், 1890 தாண்டுவதற்குள் தூங்கிவிடுவீர்கள். தாவித் தாவிப் போங்கள். வலித்த வருஷங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெயித்தவற்றை மட்டும் படிப்பவரை இங்கே யாரும் ரசிகராக மதிப்பதில்லை.

2020-இல் ஆறே ஆட்டம், 2-4. கொரோனா வருஷம், ஒஹையோ ஆட்டமே ரத்து. ஹார்பாவை அனுப்பிவிடுங்கள் என்று ஊரே பேசியது. அடுத்த வருஷம் நவம்பர் 27, பனி கொட்டிக்கொண்டிருக்க, ஒஹையோவை 42-27. ஹாசன் ஹாஸ்கின்ஸ் மட்டும் ஐந்து டச் டவுன். அதற்கு முன் 2012 முதல் 2019 வரை எட்டு ஆட்டமும் வரிசையாகத் தோல்வி என்பது தெரிந்தால்தான் அன்றைக்கு ஜனங்கள் ஏன் சுவரேறிக் குதித்துக் களத்தை நிரப்பினார்கள் என்று விளங்கும்.

2007 செப்டம்பர் 1. ஐந்தாம் இடத்து மிச்சிகன், அப்போது ஒரு படி கீழே இருந்த பிரிவில் ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் சொந்த ஊரில் 34-32 தோற்றது. கடைசியில் அடித்த ஃபீல்ட் கோல் தடுக்கப்பட்டது. அந்தப் பெயரை ஆன் ஆர்பரில் சத்தமாகச் சொல்லாமல் இருப்பது மரியாதை.

1997: 12-0. சார்ல்ஸ் உட்சன் என்ற தடுப்பாட்டக்காரருக்கு, அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் விருது. வழக்கமாக அது பந்து எறிபவருக்கும் ஓடுபவருக்கும் போகும் விருது. ரோஸ் பவுலில் வாஷிங்டன் ஸ்டேட்டை 21-16 ஜெயித்த பிறகும் பட்டம் பாதிதான். பத்திரிகையாளர்கள் மிச்சிகன் என்றார்கள், கோச்சுகளின் வாக்கெடுப்பு நெப்ராஸ்கா என்றது. இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதவே இல்லை. இதைப் பற்றி ஒரு நெப்ராஸ்காக்காரரோடு பேச ஆரம்பித்தால் விமானத்தைத் தவறவிடுவீர்கள். நான் தவறவிட்டிருக்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் மூன்றாவது எண் ஒன்று முளைக்கும்: 10-0-1. கடைசி எண் சமன். 1996-இல்தான் கூடுதல் நேரம் வந்தது, அதற்கு முன் ஆட்டம் சமனில் முடியும். அந்த 10-0-1, 1973-ஆம் வருஷத்தது. என்னைக் கேட்டால், இந்த அணியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பழைய சீசன்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

கோச் போ ஷெம்பெக்லர் 1969-இல் வந்தார். 22 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து முதல் இடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டை அந்த வருஷமே 24-12 கவிழ்த்தார். எதிரே இருந்த வூடி ஹேஸ் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த ஆள். பத்து வருஷம் இந்த குரு-சிஷ்யச் சண்டை. 1973 நவம்பர் 24, இரண்டு அணியும் அதுவரை தோற்கவில்லை. ஆட்டம் 10-10. அந்தக் காலத்தில் பிக் டென்னிலிருந்து ஒரே ஒரு அணிதான் போகலாம், அதுவும் ரோஸ் பவுலுக்கு மட்டும். யார் போவது? பத்துப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்களிடம் வாக்கு கேட்டார்கள். முந்தின வருஷமும் ஒஹையோதான் போயிருந்தது, அதனால் இம்முறை மிச்சிகன்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மிச்சிகனின் குவாட்டர்பேக், அதாவது பந்து எறிபவரான டென்னிஸ் ஃபிராங்க்ளினுக்கு அந்த ஆட்டத்தில் காறை எலும்பு முறிந்திருந்தது. வாக்கு ஒஹையோவுக்கு விழுந்தது. ஒரு ஆட்டமும் தோற்காத அணி வீட்டுக்குப் போனது. ஷெம்பெக்லர் கடைசிவரை இதை மன்னிக்கவில்லை.

1972, 1973, 1974 மூன்றையும் சேர்த்தால் மிச்சிகன் 30 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். அந்த மூன்று வருஷமும் ஒரு பவுல் ஆட்டம் கூட இல்லை. இன்றைக்கு ஆறு வெற்றிக்கே பவுலுக்கு அழைக்கிறார்கள். அந்த வரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், இத்தனைக்கும் நான் அப்போது பிறக்கவே இல்லை.

அதற்கும் பின்னால் 1950-இல் பனிப்புயலில் ஒரு ஆட்டம்: ஒரு முறை கூட 10 யார்டு முன்னேறி புது டவுன் வாங்காமலே ஒஹையோவை 9-3 ஜெயித்தார்கள். 1901-இல் ஃபீல்டிங் யோஸ்ட்டின் அணி சீசன் முழுக்க 550 புள்ளி எடுத்து ஒன்று கூடக் கொடுக்கவில்லை. 1903-இல் மினசோட்டாவுக்குப் போனபோது 30 சென்டுக்கு வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வந்த தண்ணீர்க் கூஜா, பின்னால் இரண்டு அணிக்கும் நடுவே கோப்பையாகிவிட்டது. இப்போதும் அந்தக் கூஜாவுக்காக மோதிக்கொள்கிறார்கள்.

எங்கே தேடுவது

பல்கலைக்கழகத்தின் பென்ட்லி வரலாற்று நூலகம் வருஷவாரியாக ஆட்ட முடிவுகள், ஆட்டக்காரர் பட்டியல், படங்கள் எல்லாம் இணையத்தில் வைத்திருக்கிறது. மாணவர் பத்திரிகையான மிச்சிகன் டெய்லி 1890 முதல் வருகிறது, அதன் பழைய இதழ்களையும் அங்கேயே புரட்டலாம். எண்களை மட்டும் பார்த்தால் கதை தெரியாது. ஆட்டத்துக்கு மறுநாள் பத்தொன்பது வயதுப் பையன் கோபத்தில் எழுதிய பத்தியைப் படித்தால் தெரியும். முழு ஆட்டமும் பார்க்க நேரம் இல்லை என்றால் யூடியூபில் சுருக்கம் தேடுங்கள், ஆனால் ஒஹையோ ஆட்டங்களை மட்டும் முழுசாகப் பாருங்கள்.

இந்த சீசன் ஆட்டக்காரர்களை மனப்பாடம் செய்வதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். கல்லூரிப் பையன்கள், நான்கைந்து வருஷத்தில் போய்விடுவார்கள். இப்போது அதற்கு முன்பே வேறு கல்லூரிக்கு மாறுவதும் சகஜம். 2021 ஜூலை முதல் அவர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆனதிலிருந்து அந்தப் போக்குவரத்து கூடிவிட்டது. ஆகஸ்டில் ஒரு தடவை பட்டியலைப் பாருங்கள்: யார் பந்து எறிகிறார், யார் ஓடுகிறார், முன் வரிசையில் பழைய ஆட்கள் எத்தனை பேர். அது போதும்.

ஒரு தடவையாவது நேரில்

'பெரிய வீடு' என்று எல்லோரும் செல்லமாகச் சொல்லும் அரங்கம் 1927-இல் திறந்தது. பெரும்பகுதி தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியது, அதனால் வெளியிலிருந்து பார்த்தால் இதுவா பெரிய வீடு என்று தோன்றும். வாசலைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்ததும் காலடியில் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கும். 1,07,601 பேருக்கு இடம். 2013-இல் நோட்ர டேம் ஆட்டத்துக்கு 1,15,109 பேர் வந்தார்கள்.

ஒஹையோ ஆட்டத்துக்கு டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றும். முதல் முறை போகிறவர்கள் செப்டம்பரில் சின்ன அணியோடு ஆடும் ஆட்டத்துக்குப் போங்கள். விலையும் குறைவு, வெயிலும் இதம். பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், வாசலில் கெடுபிடி. காரை இரண்டு மைலுக்கு முன்பே நிறுத்திவிட்டு நடப்பது புத்திசாலித்தனம். அரங்கத்தைச் சுற்றி இருக்கும் வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியிலேயே காசு வாங்கிக்கொண்டு கார் நிறுத்த விடுவார்கள், திரும்பி வெளியே எடுப்பது உங்கள் பாடு. எதிரே பயனியர் பள்ளியின் மைதானத்தில் காலையிலிருந்தே அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருப்பார்கள். புது ஆள் என்று சொன்னால் தட்டை நீட்டிவிடுவார்கள், சைவம் என்றால் சோளமும் சிப்ஸும்.

நவம்பரில் போனால் இருக்கை அலுமினியப் பலகை என்பதை மறக்காதீர்கள். உட்கார ஒரு மெத்தை, பாதத்துக்குக் கீழே போட ஒரு அட்டை. டிவியில் தெரியும் மஞ்சள் கோட்டைக் களத்தில் தேடாதீர்கள், அது டிவிக்காரர்கள் திரையில் போடுவது. முதல் ஆட்டத்தில் நான் அதைத் தேடிக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டினேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் கவனித்துவிட்டு, ஓரத்தில் நிற்கும் ஆரஞ்சுக் கம்பைக் காட்டினார். அதுதான் உண்மையான 10 யார்டு அடையாளம். பிறகு, நீ பார்த்த முதல் ஆட்டம் எது என்று கேட்டார். இதுதான் என்றேன். அவர் முதல் ஆட்டம் எது என்று நானும் கேட்டேன்.

எழுபத்து மூன்று, பத்துக்குப் பத்து என்றார். அப்போது எனக்கு அது வெறும் எண்.